ஆபரேஷனுக்கு முன்னால் இன்னொரு எக்கோ எதற்கு?

குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வரும் இதயக் கோளாறு பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். அதற்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து நிறைய கடிதங்கள் வந்தன, பெரும்பாலும் எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன் பற்றித்தான். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லாருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

பையனுக்கு 7 மாதம். இதயத்தில் ஓட்டை, வி.எஸ்.டி. என்கிறார்கள். பிறந்த 3-ஆம் நாள் எடுத்த எக்கோவில் 4 மி.மீ., இரண்டாம் மாதம் 6, போன மாதம் 7 என்று எழுதியிருக்கிறது. இப்போது ஆபரேஷன் செய்யப்போகும் ஆஸ்பத்திரியில் அவர்களே மறுபடி எக்கோ எடுத்த பிறகுதான் தேதி கொடுப்பார்களாம். என் வீட்டுக்காரர் மண்டியில் தக்காளிக் கூடை தூக்குகிறவர், ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. காசு பிடுங்கத்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள் என்று மாமியார் சொல்கிறார். உண்மையா டாக்டர்? ஓட்டை வளர்கிறதா?
— வாசகி, பாலக்கோடு

இல்லைம்மா. இந்த எக்கோவை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் பையனுக்கு இதுவரை எடுத்த மூன்றையும்விட முக்கியமானது இதுதான்.

முதலில் அந்த அளவு விஷயம். வி.எஸ்.டி. என்பது இதயத்தின் கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவரில் இருக்கும் ஓட்டை. அது காசு மாதிரி வட்டமாக இருக்காது, ஒரு பக்கமிருந்து பார்த்தால் நீளம், இன்னொரு பக்கமிருந்து பார்த்தால் குறுகல், அதனால் பார்க்கிற கோணத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறத்தான் செய்யும். அதோடு குழந்தையின் இதயமே வளர்கிறது, சுவர் வளரும்போது ஓட்டையின் அளவும் கொஞ்சம் கூடலாம். 4, 6, 7 என்ற எண்ணை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனியின் வாயோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது அந்த ஓட்டை எவ்வளவு பெரிது என்பதைத்தான் நாங்கள் பார்ப்போம். எக்கோ அறைக்குள் போகும் முன் எடையும் உயரமும் எடுக்கிறார்களே, அது இதற்காகத்தான். உடம்பின் அளவு தெரியாமல் ஒரு குழந்தையின் இதயத்தைப் பெரிது என்றோ சிறிது என்றோ சொல்ல முடியாது. யாராவது எடை பார்க்க மறந்திருந்தால் நீங்களே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் இன்னொரு எண் இருக்கும், ஓட்டை வழியாக ரத்தம் பாயும் வேகம். பெற்றோர் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். வேகம் அதிகமென்றால் ஆபத்து, குறைவென்றால் நல்லது என்று நினைக்கிறார்கள். வி.எஸ்.டி.யில் பெரும்பாலும் நேர்மாறு. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் முக்கால்வாசி அடைத்தால் தண்ணீர் பீச்சியடிக்கும், விரலை எடுத்துவிட்டால் சும்மா வழியும், அதே கதைதான். அந்த வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை 4-ஆல் பெருக்கினால் இரண்டு அறைகளுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் கிடைத்துவிடும். நொடிக்கு 4 மீட்டர் என்றால் வித்தியாசம் 64, அதாவது ஓட்டை சின்னது, நுரையீரல் பக்கம் அழுத்தம் ஏறவில்லை. நொடிக்கு 2 மீட்டர்தான் என்றால் வித்தியாசம் வெறும் 16. இரண்டு அறையிலும் ஏறக்குறைய ஒரே அழுத்தம், நுரையீரல் ரத்தக்குழாய்கள் தாங்க வேண்டியதைவிட மிக அதிகமாகத் தாங்கிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். பால் குடிக்கும்போது நெற்றியில் வியர்ப்பது, நாலு வாய் உறிஞ்சியதும் விட்டுவிட்டு மூச்சு வாங்குவது, எடை ஏறாதது எல்லாம் இப்படிப்பட்ட குழந்தைகளிடம் பார்ப்பதுதான். பிறந்த 3-ஆம் நாள் இதெல்லாம் தெரியாது. அப்போது எல்லாக் குழந்தைக்குமே நுரையீரல் பக்க அழுத்தம் அதிகம், அதனால் ஓட்டை வழியாக ரத்தம் அதிகம் பாயாது, ஸ்டெதாஸ்கோப்பில் அதன் சத்தமும் சரியாகக் கேட்காது. நாலு, ஆறு வாரம் போகும்போதுதான் உண்மை வெளியே வரும். உங்கள் முதல் எக்கோ எடுத்தவர் தப்புச் செய்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

சரி, மறுபடி எதற்கு? முன்பு எடுத்த மூன்றும் ஓட்டை இருக்கிறதா, எவ்வளவு பெரிது, மருந்து போதுமா என்று பார்ப்பதற்கு. இப்போது எடுக்கப்போவது நெஞ்சைத் திறக்கப்போகிறவருக்கு வழி சொல்வதற்கு. அறுவை சிகிச்சை நிபுணர் உள்ளே போகும்போது இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை வெளியே ஒரு இயந்திரத்தில் ஓடவிட்டு, காலியாகச் சுருங்கிக் கிடக்கும் இதயத்தில் வேலை செய்கிறார். துடிக்கிற இதயத்தில் ரத்தம் எங்கிருந்து எங்கே பாய்கிறது என்பதை அவர் அங்கே பார்க்க முடியாது, அதையெல்லாம் முன்னாடியே எக்கோதான் சொல்லியிருக்க வேண்டும்.

ஓட்டை சுவரின் எந்த இடத்தில் என்பது முதல் கேள்வி. நடுச்சுவரின் மேற்பகுதியில் சவ்வு மாதிரி இருக்கும் இடத்தை ஒட்டிய ஓட்டையென்றால், இதயத் துடிப்பைக் கடத்தும் மெல்லிய பாதை அதன் ஓரமாகவே ஓடும், தையல் அதில் படாமல் போட வேண்டும். மகாதமனி வால்வுக்கு நேர் கீழே இருந்தால் வால்வின் இதழ் ஓட்டைக்குள் சரிந்து கசிய ஆரம்பித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் இரண்டாவது ஓட்டை. பெரிய ஓட்டை ஒன்று இருந்து, இரண்டு அறையிலும் அழுத்தம் சமமாகிவிட்டால், கீழே தசைக்குள் ஒளிந்திருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக ரத்தம் பாயவே பாயாது, வண்ணப்படத்தில் ஒன்றும் தெரியாது. பெரியதை அடைத்த மறு நிமிடம்தான் அவை தலைகாட்டும். அதனால் பொறுமையாக, அங்குலம் அங்குலமாகத் தேட வேண்டும்.

மகாதமனியையும் நுரையீரல் ரத்தக்குழாயையும் இணைக்கும் பி.டி.ஏ. என்ற குழாய் பிறந்த பிறகும் மூடாமல் இருக்கிறதா என்பது இன்னொன்று. அது தெரியாமல் இயந்திரத்தில் போட்டால் உடம்புக்குப் போக வேண்டிய ரத்தம் நுரையீரலுக்குள் கொட்டும். சில குழந்தைகளுக்கு இடது கைப் பக்கமிருந்து கூடுதலாக ஒரு பெரிய ரத்தநாளம் இதயத்துக்கு வரும். அதனால் குழந்தைக்கு ஒரு தொந்தரவும் கிடையாது, ஆனால் இயந்திரத்துக்குக் குழாய் வைப்பவருக்கு அது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். மகாதமனி வளைவில் எங்காவது இறுக்கம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

இவ்வளவையும் பார்க்க நேரம் ஆகும். அவசரமாக எடுத்த ஐந்து நிமிட எக்கோவில் இதெல்லாம் வராது. கூலி போவது உங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும், அதனால் ஒன்று செய்யுங்கள். எக்கோ, ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து டாக்டரைப் பார்ப்பது மூன்றையும் ஒரே நாளில் வைத்துத் தர முடியுமா என்று முன்னாடியே போனில் கேளுங்கள், நேரில் போய்க் காத்துக் கிடக்காதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை அதில் கிடைக்கும், பிறவி இதய ஆபரேஷனும் அடங்கும். இல்லையென்றால் ரேஷன் கார்டு, வி.ஏ.ஓ. வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு இந்த வாரமே போங்கள். மாமியாரையும் எக்கோ அறைக்குக் கூட்டிப் போய்த் திரையைக் காட்டச் சொல்லுங்கள். பேரனின் இதயம் துடிப்பதைப் பார்த்துவிட்டால் அவர்தான் முதலில் உங்களுக்குத் துணை நிற்பார்.

பெரிய வி.எஸ்.டி.யைப் பெரும்பாலும் 6 மாதத்துக்குள்ளேயே அடைத்துவிடப் பார்ப்போம். பையனுக்கு 7 மாதம் ஆகிவிட்டது. எக்கோவுக்குத் தேதி கிடைத்தால் தள்ளிப்போடாதீர்கள்.

நான் ஓசூரில் வார்ப்புத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். இரும்பில் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று அல்ட்ராசானிக் கருவியை வைத்துத்தான் பார்ப்போம். என் மகளுக்கு எக்கோ எடுத்தபோது பார்த்தால் அதே மாதிரி இருந்தது. இத்தனை முறை எடுத்தால் குழந்தையின் உடம்புக்கு ஏதாவது ஆகுமா? திரையில் சிவப்பு, நீலம் என்று வருகிறதே, நீலம் கெட்ட ரத்தமா?
— வாசகர், ஓசூர்

சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள் தம்பி, ரொம்ப சந்தோஷமாக இருந்தது இந்தக் கடிதம். 1953-இல் ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரத்தில் எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் முதன்முதலாக இதயத்தை ஒலி அலையால் பார்த்தது, நீங்கள் சொல்லும் அந்த உலோக விரிசல் பார்க்கும் கருவியை வைத்துத்தான். நீங்கள் இரும்பின் மேல் எண்ணெயோ கிரீஸோ தடவுவீர்கள், நாங்கள் நெஞ்சில் ஜெல் தடவுகிறோம், இரண்டும் நடுவில் காற்று புகாமல் இருக்கத்தான். இதில் எக்ஸ்ரே கதிர் எதுவும் கிடையாது, எத்தனை முறை எடுத்தாலும் கதிர்வீச்சு சேராது.

நிறத்தைப் பற்றிய பயம் வேண்டாம். கருவியை நோக்கி வருகிற ரத்தம் சிவப்பு, விலகிப் போவது நீலம், அவ்வளவுதான். நல்ல ரத்தமே நீலமாகவும் தெரியும். மஞ்சளும் பச்சையும் கலந்து சிதறினாற்போல் வந்தால் அங்கே ரத்தம் நெருக்கடியில் பாய்கிறது என்று அர்த்தம், அந்த இடத்தில்தான் டாக்டர் நின்று நிதானமாகப் பார்ப்பார்.

அண்ணன் மகனுக்கு 4 வயது. அழுதால் உதடும் நகமும் நீலமாகிவிடுகிறது, நாலு எட்டு ஓடினால் குத்தவைத்து உட்கார்ந்துகொள்கிறான். டெட்ராலஜி என்று எழுதியிருக்கிறார்கள். எக்கோ எடுத்து எல்லாம் தெரிந்துவிட்டது என்றார்கள், இப்போது சி.டி. ஸ்கேனும் வேண்டும் என்கிறார்கள். எக்கோவில் தெரியாதது அதில் என்ன தெரியப்போகிறது?
— வாசகர், தேன்கனிக்கோட்டை

எக்கோவில் பயன்படும் ஒலி அலை காற்றைத் தாண்டாது. இதயத்துக்குள் இருப்பதை எக்கோ அருமையாகக் காட்டும், ஆனால் நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் இரண்டாகப் பிரிந்து காற்று நிறைந்த நுரையீரலுக்குள் நுழைந்த பிறகு எக்கோவுக்குக் கண் தெரியாது. டெட்ராலஜி என்பது நடுச்சுவரில் ஓட்டையும், நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியில் இறுக்கமும் சேர்ந்து வரும் கோளாறு. உங்கள் அண்ணன் மகனுக்கு இருக்கும் இந்தக் கோளாறில் அந்தக் கிளைகள் எவ்வளவு பருமன் என்பதுதான் ஆபரேஷனையே தீர்மானிக்கும். போதுமான பருமன் இருந்தால் ஒரே ஆபரேஷனில் முழுதாகச் சரிசெய்யலாம். மெலிந்திருந்தால் முதலில் ஒரு இணைப்புக் குழாய் வைத்து அவை வளரட்டும் என்று விட்டு, பிறகு முழு ஆபரேஷன் செய்வார்கள். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி குழாயில் ஒன்று, வெட்டித் திறக்க வேண்டிய இடத்துக்குக் குறுக்கே ஓடுவதும் இந்தக் கோளாறில் உண்டு, நூறு குழந்தைகளில் சுமார் 5 பேருக்கு இருக்கும். எக்கோவிலேயே அதைத் தேடுவோம், பெரும்பாலும் பிடிபடும். சந்தேகம் இருந்தால் சி.டி. எடுத்தே ஆக வேண்டும். அதில் கதிர்வீச்சு உண்டுதான், ஆனால் இந்தக் குழந்தைக்கு அதனால் கிடைக்கும் பலன் மிகப் பெரிது.

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். உடம்பு திடீரென்று கருநீலமாகி மூச்சு வேகமாக வாங்கினால், முழங்கால் இரண்டையும் மடக்கி மார்போடு சேர்த்து அணைத்துக்கொள்ளுங்கள், குழந்தையைச் சமாதானப்படுத்திக்கொண்டே 108-ஐ அழையுங்கள். தேன்கனிக்கோட்டையிலிருந்து எங்கே போவதென்றாலும் வழி தூரம், அதனால் வீட்டில் பெரியவர்கள் எல்லாருக்கும் இது தெரிந்திருக்கட்டும். வாந்தி, பேதி வந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள், இந்தக் குழந்தைகளின் உடம்பில் நீர் வற்றக்கூடாது. கொடுத்திருக்கும் மருந்தை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

மகளுக்கு ஒன்றரை வயது. போன தடவை எக்கோவில் ஒரே அழுகை, பாதியில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் தூக்க மருந்து கொடுத்து எடுப்பார்களாம், வயிற்றைக் காலியாக வைத்துக் கூட்டிவரச் சொன்னார்கள். விடியற்காலை பஸ்ஸுக்குக் கிளம்பினால்தான் போய்ச் சேர முடியும். எத்தனை மணி நேரம் பட்டினி போடுவது? தூக்க மருந்து மூளையைப் பாதிக்குமா?
— வாசகி, அஞ்செட்டி

பாதியில் நிறுத்தியது நல்ல டாக்டர்தான். அழுகிற குழந்தையிடம் எடுத்த எக்கோவில் மூச்சும் துடிப்பும் தாறுமாறாக இருக்கும், அந்த எண்களை நம்பி ஆபரேஷனுக்குப் போக முடியாது. மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தையைப் பால் கொடுத்துத் தூங்கவைத்தே எடுத்துவிடலாம், நாலைந்து வயதானால் பேச்சுக் கொடுத்து எடுக்கலாம். உங்கள் மகளின் வயதுதான் கஷ்டமான வயது.

பொதுவாகத் தாய்ப்பால் என்றால் 4 மணி நேரம், பசும்பால், டப்பா பால், இட்லி, கஞ்சி, களி என்றால் 6 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம். ஆனால் இந்தக் கணக்கு எக்கோ நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுவது, ராத்திரி 8 மணியிலிருந்தே எதுவும் கொடுக்காமல் கூட்டிப்போய்ப் பிற்பகல் வரை காத்திருக்க வைக்காதீர்கள். எத்தனை மணிக்கு எடுப்பீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் கணக்குப்படி செய்யுங்கள். நீலம் பாயும் குழந்தையென்றால் முதலாவதாக எடுங்கள் என்று கேட்டு வாங்குங்கள். தூக்க மருந்தை ஆஸ்பத்திரியில், ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை மாட்டிவைத்துத்தான் கொடுக்க வேண்டும். பஸ்ஸிலேயே கொடுத்துத் தூங்கவைத்துக் கூட்டிவாருங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இப்படிக் கண்காணிப்போடு ஒரு தடவை கொடுப்பதால் மூளைக்கு ஒன்றும் ஆகாது. முழுதாக விழித்து, ஏதாவது குடித்த பிறகுதான் கிளம்ப வேண்டும். பஸ்ஸில் குழந்தை நன்றாகத் தூங்கிவிட்டால் அங்கே மருந்து கொடுத்தாலும் தூங்காது, விளையாட்டுக் காட்டி விழிக்கவைத்தே கூட்டிப்போங்கள். அன்றைக்கு நெஞ்சில் எண்ணெய் தடவ வேண்டாம், ஈ.சி.ஜி. வில்லை ஒட்டாது. கழுத்தில் தாயத்து இருந்தால் அந்த அரை மணி நேரம் மட்டும் கையில் கட்டிவிடுங்கள், கழுத்துக் குழியிலும் கருவியை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அரைஞாண் கயிறு அப்படியே இருக்கட்டும். இதற்கு முன் எடுத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும், பழசானாலும், எடுத்துப் போங்கள்.

பேத்திக்கு 9 வயது. பள்ளிக்கூடத்துக்கு வந்த மருத்துவக் குழு பார்த்து, தருமபுரி மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பி, ஏ.எஸ்.டி. என்று சொன்னார்கள். ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிற பெண். ஒரு தொந்தரவும் இல்லாதபோது நெஞ்சைக் கிழித்துத் தழும்பு போட்டால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்று மகன் யோசிக்கிறான். கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?
— வாசகர், அரூர்

கூடாது ஐயா. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பையனாக இருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது என்று நினைத்தபோது மனசு கஷ்டமாக இருந்தது.

ஏ.எஸ்.டி. என்பது இதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவரில் இருக்கும் ஓட்டை. அந்தக் குழந்தை ஓடும், ஆடும், வெளியில் ஒன்றும் தெரியாது. உள்ளே இதயத்தின் வலது பக்கம் ஒவ்வொரு நாளும் அதிக ரத்தத்தைச் சுமந்து பெருத்துக்கொண்டே போகும். இருபது, முப்பது வயதில்தான் மூச்சு வாங்கும், துடிப்பு தாறுமாறாகும், சிலருக்கு நுரையீரல் அழுத்தம் ஏறி, இனி அடைக்கவே முடியாது என்ற நிலை வரும். அப்படிப்பட்ட பெண் கர்ப்பமானால் உயிருக்கே ஆபத்து. கல்யாணத்துக்கு அப்புறம் என்று தள்ளிப்போடுவது எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தழும்பே இல்லாமலும் முடியலாம். ஓட்டை சுவரின் நடுவில் இருந்து, சுற்றிலும் கிட்டத்தட்ட 5 மி.மீ. அளவுக்காவது நல்ல விளிம்பு இருந்தால், தொடை ரத்தநாளம் வழியாகக் குடை மாதிரி ஒரு கருவியைக் கொண்டுபோய் அடைத்துவிடலாம். இதை முடிவு செய்வதும் எக்கோதான். நெஞ்சுக்கு மேலிருந்து சரியாகத் தெரியாவிட்டால், மயக்கம் கொடுத்து உணவுக்குழாய் வழியாகச் சின்னக் கருவியை இறக்கி, இதயத்தின் முதுகுப் பக்கமிருந்து பார்ப்பார்கள்.

பல வருடத்துக்கு முன்னால் இதே வயதுப் பெண்ணொருத்திக்கு நான் எக்கோ எடுத்தேன். வலது அறைகள் பெருத்திருந்தன, ஆனால் நடுச்சுவரில் ஓட்டையைக் காணவில்லை. அன்றைக்கு வெளியே கூட்டம், அடுத்த வருடம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அடுத்த வருடம் கழுத்துப் பக்கமிருந்து பார்த்தபோதுதான், மேலிருந்து பெரிய ரத்தநாளம் வந்து சேரும் மூலையில் ஓட்டை இருந்தது, நுரையீரலிலிருந்து வரும் ஒரு நாளமும் இடம் மாறி அங்கேயே திறந்திருந்தது. அந்த வகையைக் கருவியால் அடைக்க முடியாது, ஆபரேஷன்தான். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், இருந்தாலும் அந்த ஒரு வருடம் என் அவசரத்தால் போனது. அன்றிலிருந்து வலது பக்கம் பெருத்திருந்து காரணம் தெரியாவிட்டால் எழுந்திருக்க மாட்டேன். உங்கள் பேத்தியின் ரிப்போர்ட்டில் ஓட்டை எந்த இடம் என்றும், விளிம்புகள் எவ்வளவு என்றும், நுரையீரல் நாளங்கள் நான்கும் சரியான இடத்தில் சேர்கின்றனவா என்றும் எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. ஆபரேஷன்தான் என்று வந்தாலும், சில இடங்களில் மார்பின் பக்கவாட்டில் சின்னக் கீறலில் செய்கிறார்கள், அதையும் கேட்டுப் பாருங்கள்.

பள்ளிக்கூடத்தில் கண்டுபிடித்த குழந்தைகளுக்கு மேல்சிகிச்சைக்கு ஏற்பாடு செய்துதர மெடிக்கல் காலேஜிலேயே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. அந்தப் பள்ளிக் குழு கொடுத்த சீட்டோடு அங்கே போங்கள். மகனையும் கூடவே கூட்டிப்போங்கள் ஐயா, டாக்டர் சொல்வதை அவர் காதால் கேட்கட்டும்.

தாய்மாமனைக் கல்யாணம் செய்திருக்கிறேன். மூத்த குழந்தைக்கு இதய ஆபரேஷன் ஆகி நன்றாக இருக்கிறது. இப்போது மறுபடி 3 மாதக் கர்ப்பம். இந்தக் குழந்தைக்கும் வருமா?
— வாசகி, ஊத்தங்கரை

வரும் என்று சொல்ல முடியாதும்மா, வராமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். மூத்த குழந்தைக்கு இருந்தால் அடுத்ததற்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 2, 3 என்ற அளவில்தான் பொதுவாகச் சொல்வார்கள், சொந்தத்தில் திருமணம் என்றால் அது இன்னும் கொஞ்சம் கூடும். 18 வாரத்திலிருந்து 22 வாரத்துக்குள் கருவின் இதயத்தைப் பார்க்கும் எக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண வளர்ச்சி ஸ்கேன் எடுக்கும்போது, மூத்த குழந்தைக்கு இதய ஆபரேஷன் ஆனது என்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள், கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூத்த குழந்தையின் ஆபரேஷனுக்கு முன் எடுத்த எக்கோ ரிப்போர்ட் வீட்டில் இருக்கும், அதையும் எடுத்துப் போங்கள், என்ன கோளாறு என்று தெரிந்தால் பார்ப்பவர் அந்த இடத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார். ஏதாவது இருந்தாலும் பிரசவத்தை எந்த ஊரில் வைத்துக்கொள்வது என்று முன்னாடியே முடிவு செய்துவிடலாம். ஸ்கேன் முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.